கணினியில் வேறொரு இயங்குதளம் நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் உள்ள கணினியில் லினக்ஸ் நிறுவ விரும்புவோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. இந்த வேலை முழுவதிலும் செய்ததைத் திரும்பப் பெற முடியாத கட்டம் ஒன்றே ஒன்றுதான்; அது 10ஆம் கேள்வியில் வருகிறது. அதற்கு முன்னுள்ள படிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

1. இயங்குதளத்தை மாற்றினால் கணினியே பழுதாகிவிடாதா?

பழுதாகாது. இயங்குதளம் என்பது வட்டில் எழுதப்பட்ட கோப்புகளின் தொகுப்பு. கணினியை உயிர்ப்பிக்கும் முதல் நிரலான பயாஸ், அல்லது அதன் இன்றைய வடிவமான யூஇஎஃப்ஐ, தாய்ப்பலகையில் உள்ள தனிச் சில்லில் இருக்கிறது. நிறுவும் வேலை அந்த நிரலைத் தொடுவதில்லை. ஆகவே வட்டு முழுவதும் காலியாகிவிட்டாலும் பென்டிரைவிலிருந்து கணினியை மீண்டும் இயக்க முடியும். கெடக்கூடியவை உங்கள் கோப்புகள் மட்டுமே.

2. விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராதாமே? 11ம் என் கணினியில் ஏறவில்லை. லினக்ஸ் போட்டால் ஓடுமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு இடம், செக்யூர் பூட் வசதி (நம்பகமான கையொப்பமுள்ள தொடக்க நிரலை மட்டும் இயங்கவிடுவது), டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) ஆகியவை வேண்டும். இவையெல்லாம் இருந்தும் பல கணினிகள் ஒதுக்கப்படுவதற்குக் காரணம், இன்டெலின் 8ஆம் தலைமுறைக்கு முந்திய செயலிகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லாததே. லினக்ஸ் அப்படிப்பட்ட பட்டியல் எதையும் வைத்திருக்கவில்லை. பத்து ஆண்டுப் பழைய மடிக்கணினியில்கூட அது தடையின்றி ஓடும்.

ஆனால் பழைய கணினி லினக்ஸால் புதிதாகிவிடும் என்று எண்ண வேண்டாம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த திரைச்சூழலை நிறுவினாலும், பிரௌசரில் பத்து தாவல்களைத் திறந்தால் அது திணறத்தான் செய்யும். 2 ஜிபி மட்டுமே இருந்தால் இன்றைய இணையத்துக்கு அது போதாது. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும் கணினியில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவது, இயங்குதளத்தை மாற்றுவதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது.

3. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது?

லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிடத் தொடங்கிய வன்பொருளை நடத்தும் மைய நிரலான லினக்ஸ் கருநிரல்தான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதைச் சுற்றி எந்த மென்பொருள்களைச் சேர்ப்பது, எவ்வளவு விரைவாகப் புதுப்பிப்பது என்பதில்தான் வேறுபாடு. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மின்ட் அதன்மேல் கட்டப்பட்டது; விண்டோஸைப் போலவே கீழே பட்டையும் இடது மூலையில் மெனுவும் இருப்பதால் புதியவர்களுக்குப் பழக எளிது. ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு.

முதன்முறை நிறுவுபவர் மின்ட்டையோ உபுண்டு எல்டிஎஸ்ஸையோ எடுத்துக்கொண்டு இந்த விவாதத்திலிருந்து விலகிவிடலாம். இந்த ஆலோசனைக்கு இரண்டு விலக்குகள் உண்டு. கணினி மிகப் புதியதாக இருந்தால் அதன் வைஃபைக்கும் கிராஃபிக்ஸுக்கும் புதிய கருநிரல் தேவைப்படும். அப்போது ஃபெடோரா பொருந்தும். உங்களுக்கு உதவக்கூடிய நண்பர் ஏற்கெனவே ஒன்றைப் பயன்படுத்துகிறார் என்றால், தயங்காமல் அதையே போடுங்கள். 32 பிட் செயலி உள்ள மிகப் பழைய கணினி வைத்திருப்போருக்குத் தெரிவு சுருங்கிவிட்டது: 2025இல் வந்த டெபியன் 13கூட அதற்கான நிறுவியை வழங்குவதில்லை.

4. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். நீங்களாக நிறுவியைத் தொடங்காத வரையில் வட்டில் ஒன்றும் எழுதப்படாது. இதற்கு லைவ் அமர்வு என்று பெயர். கணினியை அணைத்ததும் அதில் செய்தவை மறைந்துவிடும்.

அழகு பார்ப்பதற்காக அல்லாமல் சோதனைக்காக இதைப் பயன்படுத்துங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் சோதிப்பதில்லை. பிறகு அதிகம் வருந்துவதும் அதற்காகத்தான். வைஃபை மட்டும் வரவில்லை என்றால், கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு தேவையான டிரைவரை (வன்பொருளை இயக்கும் நிரலை) பதிவிறக்கலாம். லைவ் அமர்வு மெதுவாக இருப்பது பென்டிரைவின் வேகத்தால். நிறுவிய பிறகு அப்படி இருக்காது.

5. ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் காப்பி பண்ணிவிட்டேன். கணினி அதிலிருந்து கிளம்பவே மாட்டேன் என்கிறது.

கோப்பை வெறுமனே காப்பி செய்வதால் பென்டிரைவ் இயக்கத்தக்கதாகிவிடாது. ஐஎஸ்ஓ என்பது நிறுவல் வட்டின் முழு நகலை ஒரே கோப்பாக்கியது; அதற்குள் இருக்கும் அமைப்பு அப்படியே பென்டிரைவில் எழுதப்பட வேண்டும். விண்டோஸில் இதற்கு ரூஃபஸ் போதும். எட்சர் எல்லா இயங்குதளங்களிலும் ஓடும். வென்டாய் என்ற கருவியைப் பென்டிரைவில் ஒருமுறை அமைத்துவிட்டால், அதன்பின் நீங்கள் செய்தது போலவே ஐஎஸ்ஓ கோப்புகளைக் காப்பி செய்து வைக்கலாம். ஒரே பென்டிரைவில் பலவற்றை வைத்துக்கொள்ளவும் முடியும். 8 ஜிபி பென்டிரைவ் போதுமானது. அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை), வெளியிட்டவர்களின் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவிறக்கம் பாதியில் சிதைந்திருந்தால் இதில் தெரிந்துவிடும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், பின்கதவு (பிறர் ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்குப் பதிவிறக்கச் சுட்டியைத் திருப்பிவிட்டார்கள். அதன் பிறகு, வெளியிட்டவர்களின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்துச் சரிபார்ப்பதே முழுமையான முறை என்று வலியுறுத்தப்படுகிறது.

6. பூட் மெனு எந்தப் பொத்தானில் வரும்?

எதிலிருந்து எழ வேண்டும் என்று கணினி கேட்கும் இந்தப் பட்டியலின் பொத்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசரில் எஃப்12, ஆனால் சில மாடல்களில் அதை முதலில் பயாஸ் அமைப்பில் அனுமதிக்க வேண்டும். பொத்தானைப் பிடிக்க முடியவில்லை என்றால், விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். வரும் நீலத் திரையில் பென்டிரைவிலிருந்து இயக்கும் தெரிவு இருக்கும்.

7. செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அணைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றாதீர்கள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, 2019இல் வந்த டெபியன் 10 முதலான பதிப்புகள் ஆகியவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலின் வழியாக இயங்குவதால், செக்யூர் பூட் இயங்கும்போதே நிறுவலாம்.

என்விடியா கிராஃபிக்ஸுக்கானவை போன்ற வெளி டிரைவர்களை நிறுவும்போது மட்டும் ஒரு கூடுதல் படி உண்டு. நிறுவி உங்களிடம் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை கணினி எழும்போது நீலத் திரை ஒன்று வந்து, அந்த டிரைவரை நம்புவதற்கான புதிய சாவியைப் பதிய வேண்டுமா என்று வினவும். அது சில வினாடிகளே காத்திருக்கும். புரியாமல் விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது. திரையின் தெளிவு குறைந்தே இருக்கும். என்னவோ ஏதோ என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவியவர்கள் உண்டு. சாவியைப் பதிந்தாலே போதும்.

8. பேக்கப் எடுத்தே ஆகணுமா? என் கோப்பெல்லாம் டி டிரைவில்தானே இருக்கு?

எடுத்தே ஆக வேண்டும். சி, டி என்று தனித்தனியாகத் தெரிபவை பெரும்பாலும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள்தாம். நிறுவியில் வட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவைக் கொடுத்தால் சியோடு டியும் போகும். ஆகவே காப்பு என்பது கணினியிலிருந்து கழற்றி எடுத்து வைக்கக்கூடிய வேறொரு வட்டில் இருக்க வேண்டும். எடுத்த பின் வேறொரு கணினியில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தால்தான் அது காப்பு.

ஆவணங்களும் படங்களும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். டெஸ்க்டாப்பில் கிடப்பவை, பதிவிறக்கக் கோப்புறை, பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், கணினியிலேயே சேமிக்கப்படும் மின்னஞ்சல்கள், கணக்கு மென்பொருளின் தரவு ஆகியவைதாம் விடுபடும். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டிய பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் எந்த இயங்குதளத்திலும் அந்தக் கோப்புகள் பொருளற்ற எழுத்துகளாகத்தான் தெரியும்.

9. நான் பாஸ்வேர்டே வைக்கவில்லை. ஆனால் கணினி திடீரென்று 48 இலக்க எண் கேட்கிறது. இது என்ன?

அது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. பல புதிய கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததுமே வட்டு தானாக மறையாக்கம் செய்யப்பட்டு, சாவியின்றிப் படிக்க முடியாததாகிவிடுகிறது. உரிமையாளருக்கு அது தெரிவதேயில்லை. பிறகு செக்யூர் பூட் அமைப்பையோ இயங்கும் வரிசையையோ மாற்றும்போது, யாரோ கணினியில் கைவைத்துவிட்டார்கள் என்று கருதி விண்டோஸ் இந்தச் சாவியைக் கேட்கிறது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கருவியிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். எங்கும் இல்லையென்றால் அந்த வட்டில் உள்ள தரவை மீட்க வழி கிடையாது.

ஆகவே பயாஸைத் தொடுவதற்கு முன்பே சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், மறையாக்கத்தை விண்டோஸ் அமைப்புகளில் முழுவதுமாக நீக்கிவிட்டுத் தொடங்குவது தொல்லையற்றது. பிட்லாக்கர் இயங்கும் பகுதியின் அளவை உபுண்டுவின் நிறுவி மாற்றித் தராது.

10. நிறுவும்போது வட்டை அழித்து நிறுவவா, விண்டோஸ் பக்கத்தில் நிறுவவா, நானே பிரிக்கவா என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

திரும்ப முடியாத கட்டம் இதுதான். எஸ்எஸ்டியில் ஒரு பகுதியை அழித்தால், டிரிம் என்ற வசதி அந்த இடங்களை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடுவதால், மீட்பு மென்பொருள்களும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். விண்டோஸ் வேண்டவே வேண்டாம், காப்பும் எடுத்தாகிவிட்டது என்றால் முதல் தெரிவு. அதைவிட எளிது எதுவுமில்லை. கணினியில் இரண்டு வட்டுகள் இருந்தால், எது அழியப் போகிறது என்பதை அளவையும் மாடல் பெயரையும் பார்த்து உறுதி செய்யுங்கள். லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை நம்ப வேண்டாம். இணைத்திருக்கும் வெளி வட்டுகளைக் கழற்றிவிடுங்கள், குறிப்பாகக் காப்பு இருக்கும் வட்டை.

விண்டோஸும் வேண்டும் என்றால், அதன் பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே முன்கூட்டிச் செய்துவிடுங்கள். தன் கோப்புகளை எங்கே வைத்திருக்கிறது என்று விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவில் நின்றுகொண்டு, 200 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிக்கு மேல் சுருக்க விடாமல் செய்வதுண்டு. ஹைபர்னேஷனையும் (ரேமை வட்டில் சேமித்து உறங்குவது) பேஜ் கோப்பையும் (ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) தற்காலிகமாக நிறுத்திவிட்டு முயன்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். கிடைத்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். அதில் புதிய டிரைவ் உருவாக்காதீர்கள். பிறகு நிறுவியில் பக்கத்தில் நிறுவும் தெரிவைக் கொடுக்கலாம்.

நீங்களே பிரிப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். இஎஃப்ஐ என்று குறிக்கப்பட்ட சிறிய ஃபேட்32 பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள், விண்டோஸின் தொடக்க நிரலும் அங்கேதான் இருக்கிறது. அடுத்து, விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் லினக்ஸையும் அதே முறையில் நிறுவுங்கள்; பழைய பயாஸ் முறையில் என்றால் லினக்ஸையும் அதிலேயே நிறுவுங்கள். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் எந்த முறை என்று எழுதியிருக்கும்.

11. ரூட், ஹோம், ஸ்வாப் என்று பிரிக்கணும் என்கிறார்கள். எவ்வளவு கொடுப்பது?

ரூட் என்பது இயங்குதளம் இருக்கும் பகுதி, ஹோம் உங்கள் கோப்புகளுக்கானது, ஸ்வாப் ரேம் போதாதபோது பயன்படுவது. பிரிக்காமலே விடலாம், ஒரே பகுதி போதும், ஸ்வாப்புக்கு அதற்குள்ளேயே ஒரு கோப்பு உருவாகிவிடும். ஹோமைத் தனியாக வைத்தால், பின்னாளில் இயங்குதளத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வசதி உண்டு. அப்படியானால் ரூட்டுக்கு 50 ஜிபி கொடுத்துவிட்டு மீதியை ஹோமுக்கு விடுங்கள்.

12. நிறுவியில் என் வட்டே தெரியவில்லை. பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது.

வட்டு கெட்டுப்போகவில்லை. இன்டெல் செயலியுள்ள பல மடிக்கணினிகளில் சேமிப்பு முறை ரெய்டு, ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று அமைக்கப்பட்டிருக்கும். இம்முறைகளில் சிலவற்றில் லினக்ஸ் நிறுவியால் வட்டைப் பார்க்க முடியாது. பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் வட்டு தெரியும். விண்டோஸ் வேண்டாம் என்பவர்களுக்கு வேலை அத்துடன் முடிந்தது.

விண்டோஸை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் மோடில் எழும்படி அமையுங்கள்; மறுதொடக்கத்தில் பயாஸுக்குள் சென்று ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள்; விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புதிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும்; பிறகு சேஃப் மோடை நீக்கிவிடுங்கள். சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் எண் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையும் தெரிந்து வைத்திருங்கள். 9இல் சொன்ன சாவியும் இங்கே தேவைப்படலாம்.

13. இரண்டும் வேண்டும். எதை முதலில் நிறுவுவது?

விண்டோஸை முதலில். லினக்ஸின் க்ரப் என்ற தொடக்க நிரல் விண்டோஸையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்; விண்டோஸின் தொடக்க நிரல் லினக்ஸைக் கண்டுகொள்ளாது. பட்டியலில் விண்டோஸ் வரவில்லை என்றால் அது அழிந்துவிட்டது என்று பொருளல்ல. 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் தோன்றும். அதுவரை 6இல் சொன்ன பூட் மெனுவிலிருந்தே அதைத் திறக்கலாம்.

14. விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு லினக்ஸைக் காணோம்!

பெரும்பாலும் லினக்ஸ் அப்படியே இருக்கும். இயங்கும் வரிசையில் விண்டோஸ் தன்னை முதலில் வைத்துக்கொண்டிருக்கும். பயாஸ் அமைப்பில் உபுண்டு அல்லது ஃபெடோரா என்ற பெயரை மேலே நகர்த்துங்கள். மறு நிறுவல் தேவையில்லை.

சற்றுக் கடினமான வகையும் ஒன்று நிகழ்ந்தது. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தம், குறையுள்ள பழைய ஷிம் நிரல்களைத் தடுக்கும் பட்டியலைச் சில இரட்டை இயங்குதளக் கணினிகளிலும் எழுதிவிட்டதால், அவற்றில் லினக்ஸ் எழாமல் நின்றது. அவ்வாறு நின்றால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் சென்று ஷிம்மைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் இயக்கலாம். இரு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர் இரண்டையுமே தவறாமல் புதுப்பித்து வர வேண்டும்.

15. லினக்ஸுக்குப் போய்விட்டு வந்தால் விண்டோஸில் மணி தப்பாகக் காட்டுகிறது. லினக்ஸிலோ டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை.

இவை இரண்டு தனிச் சிக்கல்கள். தாய்ப்பலகையின் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. ஒன்று எழுதியதை மற்றொன்று தன் முறையில் படிப்பதால், உங்கள் நேர மண்டலம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு மணி பிசகுகிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது எளிய தீர்வு. விண்டோஸின் உள் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் அதைப் பொது நேரத்துக்கு மாற்றுவது முறையான தீர்வு.

டி டிரைவ் சிக்கலுக்குக் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது, ஷட்டௌன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதும் அணைவதில்லை; அரை உறக்கத்தில் இருக்கும் அதன் டிரைவில் எழுதினால் தரவு கெடும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். லினக்ஸ் பகுதியை விண்டோஸால் இயல்பாகப் படிக்க முடியாது என்பதால், இரண்டிலும் தேவைப்படும் கோப்புகளை டி டிரைவிலேயே வைத்துக்கொள்வதுதான் வழி.

16. வேர்ட், போட்டோஷாப், கேம் எல்லாம் ஓடுமா? தமிழில் தட்டச்சு?

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸும் போட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வெளியிடப்படவில்லை. லிப்ரே ஆஃபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறக்கும். எளிய கடிதங்களுக்குப் போதும், சிக்கலான அட்டவணைகளும் மேக்ரோக்களும் உள்ள கோப்புகளில் அமைப்பு குலையும். உங்கள் பிழைப்பு போட்டோஷாப்பில் நடக்கிறது என்றால் விண்டோஸை நீக்காதீர்கள். இலவசப் படத் திருத்தியான ஜிம்ப் அதற்கு ஈடு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதில் பிழைப்பு நடத்தாதவர்கள். விளையாட்டுகளில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் வழியாக, அதன் இணையக் கடையான ஸ்டீமில் உள்ள பெரும்பாலானவை ஓடுகின்றன. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் பூட்டிய இணைய விளையாட்டுகளில் பல ஓடுவதில்லை.

தமிழுக்குக் குறையில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு விசைப்பலகைகள் கிடைக்கின்றன.

17. இவ்வளவு சிரமம் எதற்கு? வர்ச்சுவல் பாக்ஸில் ஓட்டினால் போதாதா?

விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாளரத்தில் லினக்ஸை ஓட்டும் மென்பொருள் அது. பழகிப் பார்க்கப் போதும். வட்டுக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் ரேமை இரண்டு இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்வதால் 8 ஜிபிக்குக் குறைந்தால் இரண்டுமே தவிக்கும். உங்கள் வைஃபையும் கிராஃபிக்ஸும் லினக்ஸில் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் அதில் தெரியாது. அதற்கு 4இல் சொன்ன லைவ் அமர்வுதான் சோதனை.

18. பிடிக்கவில்லை என்றால் விண்டோஸுக்கே திரும்பலாமா? லைசென்ஸ் போய்விடாதா?

போகாது. ஏற்கெனவே செயல்படுத்தப்பட்ட விண்டோஸ் 10, 11 உரிமம் மைக்ரோசாஃப்ட்டிடம் உங்கள் வன்பொருளோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தோடு இணைத்ததும் தானாகச் செயல்படும். தாய்ப்பலகையை மாற்றியிருந்தால் மட்டும் சிக்கல் வரலாம்.

இரண்டையும் வைத்திருந்து லினக்ஸை மட்டும் நீக்க விரும்புவோர் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து, விண்டோஸ் நேரடியாக எழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதிகளை அழித்து, அந்த இடத்தை விண்டோஸோடு சேருங்கள். மாற்றிச் செய்தால், தன் கோப்புகளைக் காணாத க்ரப் கறுப்புத் திரையில் வெறும் கட்டளைக் குறியோடு நிற்கும். அப்படி நின்றாலும் பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போகலாம். வரிசையை அதன்பின் சரி செய்துகொள்ளலாம். பழைய பயாஸ் முறையில் நிறுவியிருந்தால் மட்டும் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து இயக்கி, அதன் தொடக்க நிரலை மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.